ஒரு எம்பி3 ஃபைலுக்கு எதுக்குங்க க்யூ?

பஸ்ல போயிட்டே லைப்ரரி ஆப்பைத் தொறந்து ஒரு ஆடியோபுக் கேட்டேன். எல்லா காப்பியும் வெளிய போயிருக்காம், எனக்கு 14 வாரம் ஆகுமாம். சத்தமாவே சிரிச்சுட்டேன். பக்கத்து சீட்டு அம்மா திரும்பிப் பாத்துட்டு, இந்தக் கனடா ஊரு வழக்கப்படி உடனே ஜன்னல் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. நம்மூரா இருந்தா "என்ன கண்ணு, என்னாச்சு"ன்னு போனையே எட்டிப் பாத்து, பாதி பஸ்ஸுக்கு சேதி போயிருக்கும்.

புஸ்தகம்னா சரி, ஒருத்தர் கையில இருந்தா இன்னொருத்தர் காத்திருக்கணும், நியாயம். இது ஃபைலுங்க. ரேஷன் கடையில மண்ணெண்ணெய்க்கு கேனை வரிசையில வச்சுட்டு வேப்பமரத்தடியில உக்காந்திருப்போமே, அங்கயாவது உள்ள பேரல் காலியாகும், லாரி வரணும், சரி. காப்பி பண்ணா ரெண்டாகுற சாமானுக்கு எதுக்கு வரிசை?

கனடாவுல ஒன்டாரியோ பக்கம் ஒரு சின்ன டவுன்லதான் இருக்கோம், டொராண்டோ கூட தூரம். லைப்ரரி டெஸ்க்ல இருக்குற வயசான அம்மாகிட்ட இதைக் கேட்டேன், அவங்க பல பேர்கிட்ட சொல்லிச் சொல்லி சலிச்சுப்போன கொரல்ல சொன்னாங்க. லைப்ரரி அந்த ஆடியோபுக்கை வாங்கறதில்லையாம், லைசென்ஸ் எடுக்குதாம். ஒரு லைசென்ஸுக்கு ஒரு சமயத்துல ஒரே ஆளு. அதுவும் ரெண்டு வருஷம் ஆனாலோ இத்தனை தடவை கொடுத்தாலோ முடிஞ்சுரும், திரும்பக் காசு கட்டி எடுக்கணும். 2011-லயே ஒரு பெரிய பப்ளிஷர் ஒரு மின்னூலை 26 தடவைதான் இரவல் கொடுக்கலாம்னு சொல்லி பெரிய ரகளையாச்சாம். பேப்பர் புக்கு 26 கை மாறுனா கிழிஞ்சிரும்ங்கிற கணக்கு போல. எங்கூரு வாசகசாலையில அட்டை போயி, மொதப் பக்கமும் போயி, கொலைகாரன் யாருங்கிற கடைசிப் பக்கமும் போன துப்பறியும் நாவலையெல்லாம் நூறு பேரு படிச்சிருக்கோம், அதை இவங்ககிட்ட யாரு சொல்றது.

எங்கூருன்னா கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பொள்ளாச்சியில பஸ் ஏறி கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டினா கேரளா, ஆனா டீக்கடையில, கோயில்ல, வரப்புச் சண்டையில எல்லாம் தமிழ்தான். இங்க வந்து இதைப் புரிய வைக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருது. மலையாளிங்க ஓணத்துக்குப் போனா "தமிழ்நாடல்லே?"ங்கறாங்க, தமிழ்ச்சங்கத்துல பொங்கலுக்குப் போனா "கேரளாவா, தமிழ் நல்லாப் பேசறீங்களே"ன்னு சர்டிபிகேட் குடுக்கறாங்க. மளிகைக்கடை யாழ்ப்பாணத்து அக்கா மட்டும் "பிள்ளை, நீங்கள் மலையாளமோ?"ன்னு கேட்டுட்டு, நான் முழுக் கதையும் சொன்னதும் "எல்லைச் சனமெண்டா அப்பிடித்தான்"னு முடிச்சுட்டு முருங்கைக்காய் எடை போட்டாங்க. அந்த அக்காவ எனக்கு ரொம்பப் புடிக்கும்.

சரி, ஆடியோபுக். டெஸ்க் அம்மாதான் லிப்ரிவாக்ஸ்னு ஒன்னு எழுதிக் கொடுத்தாங்க. 2005-ல மான்ட்ரியல்ல ஹ்யூ மெக்வயர்னு ஒருத்தர் ஆரம்பிச்சது. காப்பிரைட் தீர்ந்துபோன பழைய புஸ்தகங்களை உலகம் பூராவும் இருந்து ஆளுங்க சும்மா, சம்பளம் இல்லாம, வீட்ல உக்காந்து வாசிச்சு ஏத்தறாங்க. க்யூ கெடையாது, கார்டு கெடையாது, எத்தனை பேரு வேணா எறக்கிக்கலாம். ஒரே புஸ்தகத்துல மொத அத்தியாயம் ஒரு தாத்தா, ரெண்டாவது ஏதோ காலேஜ் பொண்ணு, மூணாவது ஆளு மூச்சு வாங்கறது கூடக் கேக்கும், பின்னாடி நாய் கொலைக்கும். எனக்கு அதுதான் புடிச்சுது. ஸ்டுடியோவுல நடிகர் வாசிக்கற பாலிஷ் கொரலை விட, சமையக்கட்டுல பாத்திரம் விழற சத்தத்தோட வாசிக்கற கொரல்ல ஒரு வீடு இருக்கு பாருங்க.

தமிழ்னு போட்டுத் தேடினேன். இருக்கு, இல்லைன்னு சொல்ல முடியாது, ஆனா இங்கிலீஷ் இருக்கற கடலுக்கு முன்னாடி கையளவு. அன்னைக்கு ராத்திரி தூக்கமே இல்லைங்க.

ஏன்னா எங்க அமுச்சி, அம்மாவோட அம்மா. அமுச்சிக்குக் கண்ணு ரெண்டும் போயிட்டே இருக்கு, ஆபரேஷன் பண்ணியும் பெருசா தெரியல. காலையில கோயமுத்தூர் வானொலி, அப்புறம் அம்மா போன்ல எதாச்சும் போட்டு விடுவாங்க, அதுல விளம்பரம் வந்துச்சுன்னா அமுச்சி அதுக்கும் பதில் சொல்லிட்டு இருப்பாங்க. சின்ன வயசுல எனக்குக் கதை சொன்னதெல்லாம் அவங்கதான். கரண்ட் போன ராத்திரி, பாலக்காட்டுக் கணவாய்க் காத்து பனைமட்டையப் போட்டு சலசலன்னு அடிக்கும், திண்ணையில படுத்துட்டு அண்ணமார் கதை, எங்க கொங்குப் பக்கம் உடுக்கை அடிச்சுப் பாடற அண்ணன் தம்பி கதை. பொன்னர் சங்கர் சண்டைக்குக் கெளம்பற எடத்துல அமுச்சி உடுக்கைக்காரர் மாதிரியே கொரலை ஏத்துவாங்க, நான் போர்வைய இழுத்து மூடிக்குவேன். இங்க வர்ற காத்துக்கு அந்தச் சத்தம் கெடையாது. இது மூஞ்சியில அறையற காத்து. ஆனா இப்ப பழகிருச்சு, மூணு அடுக்கு துணி போட்டா ஒன்னும் தெரியறதில்லை.

அமுச்சிக்குத் தமிழ் வாசிச்சுக் காட்டற வேலைய மொதல்ல மெஷின்ட்ட விட்டுப் பாத்தேன். ஊர்ல இருந்து கொண்டுவந்த பழைய லேப்டாப் ஒன்னு கெடந்துச்சு. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிஞ்சுது, பதினொன்னு போடலாம்னா டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்புச் சிப்பு இல்லைன்னு தள்ளிருச்சு. நல்லா ஓடுற வண்டிய இதுக்காக காயலான் கடைக்குப் போடறதா? எங்க லைப்ரரியில மாசத்துல ஒரு சாயங்காலம் ரிப்பேர் மேசைன்னு வைப்பாங்க. டோஸ்டர், தையல் மெஷின், லேப்டாப், எது வேணா கொண்டு போலாம். ரிட்டையர்டு ஆளு ஒருத்தர் பென்டிரைவோட உக்காந்திருந்தாரு. "இதுல விண்டோஸுக்குப் பதிலாப் போடற லினக்ஸ்னு ஒன்னு இருக்கு, பயப்பட வேண்டாம், ரொம்ப சிம்பிள்"னு மெதுவா, கொழந்தைக்குச் சொல்ற மாதிரி ஆரம்பிச்சாரு. நான் அவரு கையில இருந்து பென்டிரைவ வாங்கி, சொருகி, பூட் மெனுவுக்குப் போயி, லினக்ஸ் மின்ட்ல எக்ஸ்எஃப்சிஈங்கிற லேசான வகைய எடுத்து, பென்டிரைவ்ல இருந்தே ஓட்டி, வைஃபை வேலை செய்யுதான்னு பாத்துட்டு இன்ஸ்டால் அமுக்குனேன். ரெண்டு ஜிபி ரேம் இருந்தாலே ஓடும், என்கிட்ட நாலு. மனுசன் கண்ணாடியக் கழட்டிட்டுப் பாத்தாரு, "எங்க வேலை பாக்கற, ஐடி கம்பெனியா?"ன்னு. இல்லீங்க, பேக்கரியில. இதெல்லாம் கவருமெண்டு பள்ளிக்கூடத்துல படிச்சதுன்னேன்.

நெஜம்தானுங்க. கேரளாவுல 2001-ல ஐடி அட் ஸ்கூல்னு ஆரம்பிச்சு, பின்னாடி பள்ளிக்கூடம் பூராவும் லினக்ஸ் ஆக்கிட்டாங்க. இப்ப அதுக்கு கைட்னு பேரு. பத்தாவதுல எங்களுக்கு ஐடி பிராக்டிக்கலே அதுலதான். தமிழ் மீடியம் புள்ளைங்க நாங்க, டக்ஸ் பெயின்ட்ல தென்னமரம் வரைஞ்சு, ஜிம்ப்ல போஸ்டர் பண்ணி, ஜியோஜிப்ரால முக்கோணம் போட்டு வளர்ந்தோம். செருப்பை வெளிய கழட்டி வச்சுட்டுத்தான் லேப்புக்குள்ள போகணும், மழைநாள்ல இருபது ஜோடி செருப்புல நம்மளுது எதுன்னு தேடறதுலயே அடுத்த பீரியடு போயிரும். அப்ப எனக்கு அதுல ஒரு பெருமையும் இல்லை, வயித்தெரிச்சல்தான். ஏன்னா கோபாலபுரத்துக்கு அந்தப்பக்கம் இருக்கற எங்க மாமா பையனுக்கு 2011-க்கு அப்புறம் தமிழ்நாட்டு அரசாங்கம் லேப்டாப்பே சும்மா குடுத்துச்சு, புதுசு, பையோட. ரெண்டு கிலோமீட்டர் தள்ளிப் பொறந்திருந்தா எனக்கும்! அந்த லேப்டாப்லயும் விண்டோஸ் பக்கத்துலயே பாஸ் லினக்ஸ்னு ஒன்னு போட்டுத்தான் குடுத்தாங்க, அவன் அதைத் தொறந்தே பாக்கல. படம் பாத்தே தேச்சுட்டான். நான்தான் லீவுக்குப் போனா அதைத் தொறந்து குடைஞ்சுட்டு இருப்பேன், அத்தை "கெடுத்துப்புடாத கண்ணு"ன்னு பின்னாடியே நிப்பாங்க.

எங்க போயிட்டேன், ஆமா, மெஷின். லினக்ஸ்ல ஈஸ்பீக்னு ஒரு பேசற புரோகிராம் இருக்கு, சில எம்பிதான், தமிழும் வாசிக்கும். ஒரு பக்கத்தை வாசிக்க விட்டு ரெக்கார்ட் பண்ணி அம்மா வாட்ஸாப்புக்கு அனுப்புனேன். அமுச்சி கேட்டுட்டு, "யாரு சாமி இது, மூக்கைப் புடிச்சுட்டுப் பேசறான், பாவம் சாப்பிட்டானா"ன்னாங்களாம். அத்தோட மெஷின் கதை முடிஞ்சுது.

அப்புறம் நானே வாசிக்க உக்காந்தேன். இங்க லைப்ரரியில சத்தம் போகாத சின்ன ரூம் ஒன்னு வச்சிருக்காங்க, மைக்கோட, கார்டு இருந்தா சும்மா புக் பண்ணலாம். எனக்கு இது இன்னும் ஆச்சரியம்தான். எங்கூரு வாசகசாலையில தமிழுக்கு ஒரே ஒரு பீரோ, சாவி சேட்டன் இடுப்புல, அவரு கேரம் ஆட்டத்துல இருந்து எந்திரிச்சாத்தான் புஸ்தகம். ஆனா அதையும் கொறையாச் சொல்ல மாட்டேன். பி.என். பணிக்கர் 1945-ல 47 கிராம வாசகசாலைய ஒன்னு சேத்து சங்கம் ஆரம்பிச்சதுல இருந்து வந்த பழக்கம் அது. அவரு செத்த நாளு ஜூன் 19, வாசிப்பு தினம்னு அன்னைக்கு நாங்க எல்லாம் முற்றத்துல நின்னு உறுதிமொழி எடுப்போம். அந்த பீரோ இல்லாட்டி நான் தமிழ்ல பாடப்புஸ்தகம் தவிர வேற என்னத்தப் படிச்சிருப்பேன்?

லிப்ரிவாக்ஸுக்குன்னு பாரதியாரோட உரைநடை ஒன்னு எடுத்தேன். அவரு எழுத்தை 1949-லயே அரசாங்கம் வாங்கி அப்புறம் பொதுச்சொத்தா ஆக்கிருச்சு, லிப்ரிவாக்ஸ் பாக்கற அமெரிக்கச் சட்டத்துல வெளியாகி 95 வருஷம்ங்கிற கணக்குக்கும் அவரு காலத்துல அச்சான பழசெல்லாம் ஒத்து வரும், வம்பு இல்லை. டெக்ஸ்ட் மதுரைத் திட்டம்ங்கிற இணையத் தமிழ் நூல் தொகுப்புல கெடைக்குது, 1998-ல சுவிட்சர்லாந்துல இருந்து கல்யாணசுந்தரம் ஆரம்பிச்சது, அதுவும் இப்படி ஆளாளுக்கு சும்மா தட்டச்சு பண்ணிச் சேத்ததுதான். வெளிநாட்டுல குளிர்ல உக்காந்துட்டு தமிழை அடிச்சுட்டு இருந்த மொத ஆளு நான் இல்லைன்னு ஒரு தைரியம்.

வேலை என்னன்னா, ஆடாசிட்டிங்கிற ரெக்கார்டிங் புரோகிராமைத் தொறந்து, மொதல்ல ஒன்னும் பேசாம கொஞ்ச நேரம் ரூம் சத்தத்தை மட்டும் புடிக்கணும், அதைக் காட்டித்தான் பின்னாடி ஹீட்டரோட ஓங்காரத்தைக் கழிக்கச் சொல்லுவோம். அப்புறம் வாசிப்பு. முடிவுல அஞ்சு செகண்டு வெறுஞ்சத்தம் விடணும். எம்பி3 128 கேபிபிஎஸ்ல இருக்கணும், ஒலி 89 டெசிபல் பக்கம் நிக்கணும். நாம வாசிச்சதை இன்னொருத்தர் பூரா கேட்டு, எங்க தப்பு, எங்க ரெண்டு தடவை வந்திருக்குன்னு நேரம் போட்டு எழுதி அனுப்புவாங்க. ழகரம் வர்ற எடம் எல்லாம் எனக்குச் சுத்தமா வரும், அது எல்லைக்காரங்களுக்கு வாய்ச்சது. ஆனா வாக்கியம் முடியற எடத்துல ஒரு இழுவை இருக்கு பாருங்க, பாதி கொங்கு, பாதி பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்து மலையாளம், அதை மாத்தலாமா வேண்டாமான்னு ரொம்ப யோசிச்சேன். டிவி செய்தி மாதிரி வாசிச்சுப் பாத்தா எனக்கே என் கொரல் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி இருந்துச்சு. இழுவையோடயே விட்டுட்டேன்.

அதுல ரெண்டு பகுதியை எடுத்து அமுச்சிக்கும் அனுப்புனேன். பாராட்டுவாங்கன்னு பாத்தா, "நல்லாத்தான் படிக்கற, ஆனா இது நோட்டீஸ் மாதிரி இருக்கு கண்ணு, அண்ணமார் கதை சொல்லு"ன்னுட்டாங்க. அது எங்க அச்சுல இருக்கு, இருந்தாலும் அமுச்சி சொல்ற மாதிரி இருக்காது. அதனால இப்ப தலைகீழா நடக்குது. ஞாயித்துக்கிழமை காலையில எனக்கு, அங்க சாயங்காலம், அம்மா போனை அமுச்சி பக்கத்துல வச்சுட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருவாங்க, அமுச்சி சொல்லுவாங்க, நான் ஆடாசிட்டியில புடிச்சுக்குவேன். நடுவுல கோழி, நடுவுல பால்காரர், நடுவுல "பெரியகாண்டியம்மா அப்ப என்ன பண்ணுனா தெரியுமா, இரு, வெத்தலை எங்க போச்சு". எதையும் வெட்டறதில்லை.

எங்க வீட்டுக்காரரு, இதை நெட்ல ஏத்தினா யாரு கேப்பாங்கங்கறாரு. போன வாரம் மளிகைக்கடை அக்காவுக்கு போன்ல போட்டுக் காட்டுனேன். அவங்க கடையில ஓடிட்டு இருந்த பாட்டை நிறுத்திட்டு ஸ்பீக்கர்ல போட்டுட்டாங்க. பருப்பு வாங்க வந்த ரெண்டு பேரு நின்னுட்டாங்க, அதுல ஒருத்தரு கொச்சிக்காரரு. பாதி புரியலைன்னாரு, ஆனா வெத்தலை தேடற எடத்துல சிரிச்சாரு. பொன்னர் சங்கரோட தங்கச்சி தங்காளைச் சிறையெடுக்கற எடம் வரைக்கும்தான் இருக்குன்னதும் அக்கா என்னைக் கோவமாப் பாத்து, "மிச்சம் எங்க பிள்ளை?"ன்னாங்க. மிச்சம் அமுச்சிகிட்ட இருக்கு. அமுச்சிக்கு இப்ப சளி, இந்த ஞாயிறு ரெக்கார்டிங் லீவு.