மூன்றாம் ஷிப்ட் கதையும் ஒரு சிற்றிதழும்

பேய், சாவு, நடக்காத உலகங்கள் என்று எழுதுகிறவர்களிடம் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். “ஏன், நல்லதா ஒண்ணும் எழுத வராதா?” ஒரு சிற்றிதழுக்கு, அதாவது கொஞ்சம் பேரே வாங்கிப் படிக்கிற இலக்கியப் பத்திரிகைக்கு, நான் அப்படி ஒரு கதையும் சில கவிதைகளும் அனுப்பியபோது, எங்கள் அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த சிலரும் இதைத்தான் கேட்டார்கள். அவர்களுக்கு நேரில் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவள். அப்பா சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர். சாம்பியன் ரீஃப் பக்கம் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போகும். அத்தனை ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே எங்கள் லைன் வீட்டில் பாத்திரம் அதிரும். அம்மா கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு வாசலில் போய் நிற்பாள். பக்கத்து வீட்டு அத்தையும் வந்து நிற்பார். யாரும் எதுவும் பேச மாட்டார்கள். ஷிப்ட் முடிகிற சங்கு ஊதி, தெருமுனையில் ஆட்கள் தெரிய ஆரம்பித்த பிறகுதான் அடுப்படிக்குத் திரும்புவார்கள். இருட்டைத் தேடி நான் எங்கேயும் போகவில்லை. எங்கள் தெருவில் அது தினமும் வந்து போனது.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். அதற்கப்புறம் ஊரே விடியற்காலையில் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்கு வர ஆரம்பித்தது. நானும் அந்த ரயிலில் வந்து போனவள்தான். இப்போது கே.ஆர்.புரத்தில் குடியிருக்கிறேன்.

நான் சிற்றிதழுக்கு அனுப்பிய கதை இதுதான். மூடிய சுரங்கத்தில் ஒரு ராத்திரி மூன்றாம் ஷிப்டுக்குச் சங்கு ஊதுகிறது. கீழே முழுக்கத் தண்ணீர். தூசி நுரையீரலில் படிந்து செத்துப்போனவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வேலைக்குக் கிளம்புகிறார்கள். அவர்களில் ஒருவனுடைய மனைவி தூக்கம் கலைந்து எழுந்து உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல், புருஷனுக்கு டிபன் கட்டுகிறாள். வாசல் வரை வந்து, “பாக்கிப் பணத்தைக் கேட்டுட்டு வாங்க” என்கிறாள். அவ்வளவுதான்.

எழுதும்போது உடல்களைப் பற்றி நிறைய வர்ணனை வந்தது. மண் அப்பிய கை, வாயிலிருந்து வழிகிற தண்ணீர், இன்னும் என்னென்னவோ. திருத்தி எழுதும்போது அவற்றை ஒவ்வொன்றாக எடுத்தேன். எடுக்க எடுக்கக் கதை பயங்கரமாகிக்கொண்டே போனது. கடைசியில் மிஞ்சியது அந்த டிபன் பாக்ஸும் அவள் கேட்கிற பணமும்தான். செத்தவன் எழுந்து வருவது கதையில் எளிதாக நடந்துவிடும். அவனுக்கும் சோறு கட்டவேண்டியிருக்கிறதே, அந்த இடத்தில்தான் எனக்கு வயிறு கலங்கியது.

இதை நான் புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. கலிங்கத்துப் பரணியில் செயங்கொண்டார் போர்க்களத்துப் பேய்களைக் கூழ் சமைக்க வைக்கிறார். சமைப்பதற்கு முன் அவை யானைத் தந்தத்தை எடுத்துப் பல் விளக்குகின்றன, யானையின் விலா எலும்பை எடுத்து நாக்கு வழிக்கின்றன. காலையில் நாம் கிணற்றடியில் செய்கிற அதே வேலை. பிணக்குவியலைவிட அந்தப் பல் விளக்கல்தான் படித்தவர் மனதில் நிற்கிறது. அவருக்கும் முந்தி காரைக்கால் அம்மையார் சுடுகாட்டில் நின்றுகொண்டு பாடியிருக்கிறார், அதுவும் தன்னையே பேய் என்று சொல்லிக்கொண்டு. இருண்ட எழுத்து வெளிநாட்டிலிருந்து வந்த பழக்கம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. நம் மொழியில் அது ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக இருக்கிறது.

சரி, ஏன் சிற்றிதழ்? ஃபேஸ்புக்கில் போட்டால் ஒரே ராத்திரியில் நிறைய பேர் படிப்பார்களே என்று தோழி கேட்டாள். படிப்பார்கள். ஆனால் இந்த மாதிரிக் கதையை ஒருவர் தனியாக, கடைசி வரி வரைக்கும் படிக்கவேண்டும். பாதியில் நிறுத்தினால் வெறும் பேய்க்கதை. சிற்றிதழ் ஆசிரியர் கடைசி வரி வரைக்கும் படிப்பார். சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ ஆரம்பித்து 119 இதழ்கள் கொண்டுவந்தார். புதுக்கவிதை தமிழில் காலூன்றியதற்கு, கொஞ்சம் பேரே வாங்கிய அந்தப் பத்திரிகை பெரிய காரணம். இந்த பெங்களூரிலிருந்தே ‘படிகள்’ என்ற சிற்றிதழ் வந்திருக்கிறது. பெரிய பத்திரிகைகள் தொடத் தயங்கியதை எல்லாம் இப்படிப்பட்ட இதழ்கள்தான் தொட்டன.

நான் அனுப்பிய இதழை இரண்டு பேர் தங்கள் சம்பளத்திலிருந்து நடத்துகிறார்கள். சன்மானம் கிடையாது, இதழின் பிரதி வரும். ஆங்கிலத்தில், அமெரிக்காவின் அறிவியல் புனைவு, மிகைபுனைவு எழுத்தாளர் சங்கம் தொழில்முறைக் கட்டணம் என்றால் சொல்லுக்குக் குறைந்தது 8 சென்ட் என்று 2019இல் வைத்தது. அங்கேயும் சிறிய இதழ்கள் பல அதைத் தருவதில்லை. பணம் வந்தால் சந்தோஷப்படுவேன், வராததால் அனுப்பாமல் இருக்கமாட்டேன்.

அனுப்புவதற்கு முன், படைப்பு கேட்டு இதழ் போட்ட அறிவிப்பை வரிவரியாகப் படிப்பேன். யூனிகோடில், வேர்ட் கோப்பாக, பெயர் இல்லாமல் கேட்டிருந்தார்கள். பெயரைக் கதைக்குக் கீழே எடுத்தால் மட்டும் போதாது, கோப்பின் பெயரிலும் அதன் உள்விவரங்களிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கும், அங்கேயும் பார்க்கவேண்டும். தன்குறிப்பு தனியாக, சில வரிகள். மின்னஞ்சலில் கதையை விளக்கக்கூடாது. தற்கொலையோ குழந்தைகள் மீதான வன்முறையோ இருந்தால் முன்கூட்டியே ஒரு வரி சொல்லச் சொல்லியிருந்தார்கள். அது எனக்குச் சரியாகவே பட்டது. படிக்கப்போகிறவர் நேற்று எந்த வீட்டுத் துக்கத்துக்குப் போய்விட்டு வந்தாரோ நமக்குத் தெரியாது.

சொந்தப் படைப்பு, தழுவல் அல்ல, வேறெங்கும் வெளியாகவில்லை என்று உறுதி எழுதித் தருவது நம் ஊர்ப் போட்டிகளில் பழைய வழக்கம். இப்போது செயற்கை நுண்ணறிவை வைத்து எழுதவில்லை என்றும் சேர்த்துக் கேட்கிறார்கள். 2023 பிப்ரவரியில் ‘கிளார்க்ஸ்வேர்ல்ட்’ என்ற ஆங்கில அறிவியல் புனைவு இதழ், இயந்திரம் எழுதிய கதைகள் வந்து குவிந்ததால் படைப்பு வாங்குவதையே கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தது. இரண்டு பேர் நடத்துகிற இதழுக்கு அப்படி ஒரு குவியல் வந்தால் அடுத்த இதழே வராது. அதனால் அந்த உறுதியை மனசாரத்தான் எழுதிக் கொடுத்தேன்.

‘ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ்’ என்ற இன்னொரு ஆங்கில இதழ், தாங்கள் அடிக்கடி பார்த்துச் சலித்த கதைகளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. எல்லாம் கனவு என்று முடிகிற கதை அதில் உண்டு. எழுத விரும்புகிறவர்கள் அந்தப் பட்டியலைப் படித்தே ஆகவேண்டும் என்பேன். எழுத்துப் பயிற்சிப் புத்தகங்கள் பலவற்றைவிட எனக்கு அது உதவியது.

கவிதை வேறு விஷயம். பெங்களூர் பெல்லந்தூர் ஏரியைப் பற்றிச் சில கவிதைகளும் அதே இதழுக்கு அனுப்பியிருந்தேன். அந்த ஏரி நுரை தள்ளியதை எல்லோரும் பார்த்திருப்போம், 2015இலும் 2017இலும் 2018இலும் தீப்பிடித்தும் எரிந்தது. தண்ணீர் எரிகிற ஊரில் கற்பனைக்கு அதிகம் வேலை இல்லை. அதனாலேயே எழுதுவது கஷ்டமாக இருந்தது. இருள், ரத்தம், மரணம் என்ற சொற்கள் வந்த வரிகளை எல்லாம் அடித்துவிட்டுப் பார்த்தேன். நின்ற கவிதைகளை மட்டும் அனுப்பினேன். அவற்றிலிருந்து ஒரு வரிகூட இங்கே தரமுடியாது. நம் சொந்தப் பக்கத்தில் போட்டாலும் வெளியானதாகத்தான் கணக்கு.

அப்புறம் காத்திருப்பு. நடுவில் விசாரித்து எழுதக்கூடாது என்பதில்லை, அவர்கள் சொன்ன காலம் தாண்டட்டும், பிறகு ஒரு வரி போதும். நான் எழுதவேண்டி வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசிரியரே கூப்பிட்டார்.

“அம்மா, உங்க கதைல கடைசிப் பத்தி எதுக்கு?”

அந்தப் பத்தியில் விடிந்து, ஆட்கள் திரும்பி வந்து, ஊர் பழையபடி ஆகும். “இல்லேன்னா அவங்க திரும்பி வந்தாங்களான்னு தெரியாதே சார்,” என்றேன்.

“அந்த அம்மாவுக்கும் தெரியாதே. வாசல்ல நிக்கிறாங்க இல்ல? படிக்கிறவனும் கூட நிக்கட்டும்.”

என் அம்மா வாசலில் நின்றது அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. அரைமணி நேரம் பேசினோம், அதில் பாதி ஒரே ஒரு காற்புள்ளியைப் பற்றி. முன்பின் பார்த்திராத ஒருவர், காசு வாங்காமல், என் கதைக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தைச் செலவழித்தார். பத்தியை எடுத்துவிட்டேன். கவிதைகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திருப்பினார். “நுரை பத்தின கவிதைல கோவம் மட்டும்தான் இருக்கு, பயம் இல்ல” என்றார். அதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். முழுக்க ஒத்துக்கொள்ள முடியவில்லை, அந்தக் கவிதையை வேறு இதழுக்கு அப்படியே அனுப்பப்போகிறேன்.

இப்போது பெங்களூர் அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையை வைத்து ஒன்று எழுத ஆரம்பித்திருக்கிறேன். 1991இல் வைத்த சிலை, 2009 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். பதினெட்டு வருஷம் மூடிக்கிடந்த சிலைக்குள் என்ன கேட்டிருக்கும், யார் பேச்சு கேட்டிருக்கும் என்பதுதான் கதை. முதல் வரி கிடைத்துவிட்டது. அதையும் இங்கே போடமாட்டேன், அனுப்பவேண்டியது.