மூன்று சின்ன விசில்

நிலநடுக்கம் வந்த வெளிநாடுகளுக்கும் போகும் தன்னார்வ மீட்புக் குழுவில் சேர நேர்காணலுக்குப் போனபோது, எவ்வளவு எடை தூக்குவாய் என்று கேட்பார்கள் என நினைத்திருந்தேன். கேட்டது வேறு: "ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் பத்து நாள் லீவு கிடைக்குமா?"

சம்பளம் கிடையாது, ஆனால் வேலை பார்க்கும் இடத்தின் சம்மதக் கடிதம் வேண்டும். அதை வாங்கவே இரண்டு மாதம் ஆனது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணையும் முடிய ஆறு மாதம். பாஸ்போர்ட், உடல் பரிசோதனை எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டன.

பத்து நாள் கணக்குக்குக் காரணம் உண்டு. 1985 மெக்சிகோ, 1988 ஆர்மீனியா நிலநடுக்கங்களில் பல நாட்டுக் குழுக்கள் ஆளாளுக்கு ஒரு முறையில் வேலை செய்த குழப்பத்தைப் பார்த்த பிறகு, 1991-ல் ஐ.நா.வின் கீழ் இன்சராக் (சர்வதேசத் தேடல், மீட்பு ஆலோசனைக் குழு) என்ற அமைப்பு உருவானது. அதன் விதிப்படி பெரிய குழு பத்து நாளைக்குத் தேவையான சாப்பாடு, தண்ணீர், கூடாரம் எல்லாவற்றையும் தானே சுமந்து போக வேண்டும். வீடிழந்து நிற்பவர்களோடு தண்ணீருக்குப் போட்டி போடக் கூடாது அல்லவா?

பயிற்சியில் நான் சறுக்கியது விசிலில். ஒரு நீண்ட விசில் என்றால் எல்லா இயந்திரத்தையும் நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக் கேட்க வேண்டும். நீளம் ஒன்று, குட்டை ஒன்று என்றால் வேலையைத் தொடரலாம். குட்டையாக மூன்று என்றால் உடனே வெளியேற வேண்டும். சாய்ந்த கான்கிரீட் பலகைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தேன். முன்னால் 'சிக்கியவராக' நடித்தவரின் கை தெரிந்தது. மூன்று விசில் கேட்டது. இன்னும் ஒரு முழம்தானே என்று கையை நீட்டினேன். வெளியே வந்ததும் பயிற்சியாளர் கத்தவில்லை. "இப்போது தேட வேண்டியவர்கள் இரண்டு பேர்" என்றார், அவ்வளவுதான். ஆறு வாரம் கழித்துத் திரும்பத் தேர்வுக்கு வா என்று அனுப்பிவிட்டார்கள். அன்று எரிச்சலாக இருந்தது. இப்போது நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

அந்த ஆறு வாரமும் மரக்கட்டை அடுக்கினேன். இடிந்த பலகையைத் தூக்கும்போது அது திரும்ப விழாமல் தாங்கத்தான் இது. குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, பலகை ஒரு விரல் உயர்ந்தால் கட்டையும் ஒரு விரல் உயர வேண்டும். பாரம் எடுத்துவிட்டால் போதும் என்றிருந்தவனுக்கு இன்னொரு பாடம்: பல மணி நேரம் நசுங்கிய காலைச் சட்டென்று விடுவித்தால், செத்த தசையிலிருந்து பொட்டாசியம் ரத்தத்தில் கலந்து இதயத்தையே நிறுத்திவிடலாம். அதனால் தூக்குவதற்கு முன்பே டிரிப் ஏற்றத் தொடங்குவார்கள்.

கடைசியாக 36 மணி நேரப் பயிற்சி. இரண்டாம் இரவு மழை. சுவரில் ஆரஞ்சு பெயின்ட்டால் 'வி' (விக்டிம், அதாவது சிக்கியவர்) என்று எழுதி, கீழே உயிரோடிருப்பவரைக் குறிக்க 'எல்-1' போட்டேன். நான்கு மணி நேரம் கழித்து அவரை வெளியே எடுத்ததும் அந்த 'எல்-1' மேல் குறுக்கே கோடு போட்டேன். கை நடுங்கியதில் கோடு கோணலாகப் போனது. தேர்வில் அதற்கு மதிப்பெண் குறைக்கவில்லை.

முதல் அழைப்பு ஒரு செவ்வாய் அதிகாலை வந்தது. பையோடு விமான நிலையத்தில் ஆறு மணி நேரம் காத்திருந்தோம். பாதிக்கப்பட்ட நாடு கேட்டால்தான் கிளம்ப முடியும். இருக்கிற குழுக்களே போதும் என்று சொல்லிவிட்டார்கள். சரி, ஷூவைக்கூட மாற்றாமல் நேராக அலுவலகம் போனேன். பத்து நாள் லீவு தந்த மேலாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அரை நாள் போட்டுக்கொள்ளவா?" என்றார்.