கணுக்காலில் மூன்று முறிவு, ரெக்கார்டு செக்ஷனுக்கு மூன்று நடை

மாடிப்படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் கால் வைத்தேன். இன்னும் ஒரு படி பாக்கி இருந்தது. குனிந்து பார்த்தால் முழங்கால் என் பக்கம், பாதம் சுவர்ப் பக்கம். அவசரப் பிரிவில் இழுத்து நேராக்கி, பாதி மாவுக்கட்டு போட்டார்கள். எக்ஸ்ரேயில் மூன்று முறிவு: கணுக்காலின் உள்பக்கப் புடைப்பு, வெளிப்பக்கப் புடைப்பு, பின்பக்க விளிம்பு. "பிளேட் வைக்கணும், நாளைக்கே பண்ணிடலாம்" என்றார் இரவு டூட்டி டாக்டர். அந்த "நாளைக்கே"தான் வினை.

மறுநாள் விடிந்ததிலிருந்து பச்சைத்தண்ணீர்கூட இல்லை. கையெழுத்து வாங்கி, கவுன் மாட்டி, தியேட்டர் வாசல் வரை தள்ளிக்கொண்டு போனார்கள். பெரிய டாக்டர் வந்து கட்டைப் பிரித்தார். தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது. வெளிப்பக்கம் இரண்டு நீர்க்கொப்புளம். விரலால் லேசாக ஒதுக்கிப் பார்த்தார். "சுருக்கமே விழல. இப்ப கீறினா தையல் சேராது. காலைத் தூக்கி வைங்க, பார்க்கலாம்." அவ்வளவுதான், வண்டியைத் திருப்பிவிட்டார்கள். பசியோடு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

கோபம் நியாயம்தான், ஆனால் திருப்பியனுப்பியதற்கு அல்ல. இதை முதல் நாளே யாரும் சொல்லாததற்கு. கணுக்காலில் சதை கிடையாது, எலும்புக்கு மேலே உடனே தோல். வீங்கிய தோலைக் கீறினால் புண் பிளந்து, சீழ் பிடித்து, பிளேட் வெளியே தெரிகிற அளவுக்குப் போகலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் அந்த ஆபத்து இன்னும் அதிகம். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தாலோ, பாதத்துக்கு ரத்தம் போகாவிட்டாலோ அவசரம்; மற்றபடி ஒன்றிரண்டு வாரம் காத்திருப்பது சாதாரணம். மூட்டு நிற்காமல் நழுவினால் வெளியே கம்பி மாட்டிப் பிடித்து வைப்பார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. நெஞ்சை விட உயரத்தில் காலை வைத்துப் பதினோரு நாள் கூரையைப் பார்த்துக் கிடந்தேன்.

அதில் ஒரு லாபம். எக்ஸ்ரே போதும் என்று விட்டிருந்தவர்கள், சும்மாதானே இருக்கிறார் என்று சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். பின்பக்கத் துண்டு நினைத்ததைவிடப் பெரிது, மூட்டுக்குள் படி மாதிரி இறங்கியிருந்தது. திட்டமே மாறியது: குப்புறப் படுக்க வைத்துப் பின்பக்கமாகத் திறப்பது. முதல் நாளே செய்திருந்தால்? ஆகவே ஸ்கேன் எடுத்தார்களா என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.

ஆபரேஷன் முதுகில் ஒரு ஊசியோடு முடிந்தது. இரண்டு வாரத்தில் தையல் பிரித்தார்கள், ஆறு வாரம் காலை ஊன்றவில்லை. இரண்டு கையும் ஊன்றுகோலுக்குப் போய்விடும், அதனால் கழுத்தில் ஒரு துணிப்பை மாட்டிக்கொள்ளுங்கள். அக்கா சொன்ன யோசனை, பிசியோகூடச் சொல்லவில்லை.

அடுத்த வினை ஒரு வருடம் கழித்து. வெளிப்பக்க பிளேட் ஷூவில் உரசிக்கொண்டே இருந்தது, எடுத்துவிடலாம் என்று வேறு ஊரில் வேறு டாக்டரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "எந்தக் கம்பெனி? ஸ்க்ரூ தலையில ஆறு பட்டைக் குழியா, நட்சத்திரக் குழியா?" பொருந்தாத திருப்புளியை வைத்துத் திருகினால் தலை மழுங்கி, ஸ்க்ரூ வராதாம். என் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தது "பிளேட், ஸ்க்ரூ பொருத்தப்பட்டது" என்ற ஒரே வரி.

பழைய ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு செக்ஷன். முதல் நடை: "சம்மரி கொடுத்தாச்சே சார், அப்புறம் என்ன?" இரண்டாவது நடை: எழுதிக் கொடுங்கள், அடையாள அட்டை நகல் வேண்டும், அதோடு சாப்பாட்டு நேரம். மூன்றாவது நடையில் அங்கிருந்த ஊழியர் ஃபைலை எடுத்துப் புரட்டி, "இல்லையே" என்றார். ஆபரேஷன் நோட்ஸின் பின்பக்கத்தைத் திருப்பச் சொன்னேன். வரிசையாக ஸ்டிக்கர்கள்! கம்பெனி பெயர், அளவு, லாட் எண் எல்லாம் இருந்தது. செல்லில் படம் எடுக்கும்போது எனக்குக் கை நடுங்கியது. பொருத்தும் சாமான் உறையோடு வருகிற ஸ்டிக்கர் அது. டிஸ்சார்ஜ் அன்றே படம் எடுத்துக்கொண்டால் மூன்று நடையும் மிச்சம்.

பிளேட்டை எடுக்கும்போதுதான் தெரிந்தது, முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புகளையும் சேர்த்துப் பிடித்திருந்த ஸ்க்ரூ உள்ளேயே உடைந்திருந்தது. நடக்கும்போது அந்த எலும்புகள் கொஞ்சம் அசையும், அதனால் ஸ்க்ரூ உடைவது உண்டாம், பதற வேண்டாம் என்றார் புது டாக்டர். இப்போது நடை சரி. குத்த வைத்து உட்கார்ந்தால் மட்டும் குதிகால் எழும்புகிறது. சாயங்கால வீக்கம் முதல் வருடம் முழுக்க இருந்தது, இப்போது இல்லை.

உடைந்த பாதியைத் தோண்ட வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். இந்த முறை சம்மரியில் அதையும் எழுத வைத்து, எழுத்துக்கு எழுத்து படித்துப் பார்த்த பிறகுதான் வண்டியில் ஏறினேன்.