பீட்டர் திரும்பத் திரும்ப விட்டுக்குடுத்த ஆளு

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன், சாப்பிட்டுட்டு இருக்கும்போது அக்கா பையன் திடீர்னு கேட்டான், "மாமா, ஸ்பைடர்மேனுக்கு பெரிய எதிரி யாரு, வெனம்தானே?"ன்னு. பத்தாவது படிக்கிறான், கேள்வியா கேக்கல, முடிவு பண்ணிட்டு வந்து சொல்றான். இல்லடா, கிரீன் கோப்ளின்தான்னு நான் சொன்னதுதான் தாமதம், கை காய காய ஒன்றரை மணி நேரம் பேசிட்டு இருந்தோம், அக்கா ரெண்டு தடவ வந்து திட்டிட்டுப் போச்சு. வீட்டுக்கு வந்தும் மண்டைக்குள்ள அதுவே ஓடிட்டு இருந்துச்சு, அதான் இங்க எழுதுறேன்.

நான் பேசுறது 1962ல ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் உருவாக்குன ஸ்பைடர்மேன், அதாவது பீட்டர் பார்க்கர பத்தி. நம்ம லயன் காமிக்ஸ்ல வந்த ஸ்பைடர் வேற ஆளு, அது பிரிட்டிஷ் கதை, அந்த கூர்மண்டைக்காரர் ஆரம்பத்துல தானே ஒரு கொள்ளைக்காரர். அத படிச்சு வளந்தவங்க நிறைய பேரு இருக்கீங்க, அதனால முதல்லயே சொல்லிடறேன்.

வெனம சொல்றவங்க ஏன் சொல்றாங்கன்னு புரியுது. பீட்டர் போட்டுட்டு இருந்த கருப்பு ட்ரெஸ்ஸே ஒரு உயிர்னு தெரிஞ்சு அவன் கழட்டி எறியுறான், அது எடி பிராக்ங்கிற ஆளு கூட சேர்ந்து 1988ல 'அமேஸிங் ஸ்பைடர்மேன்' 300வது இஷ்யூல வெனமா வந்து நிக்குது. ஆபத்து வர்றத முன்னாடியே உணர வெக்கிற பீட்டரோட ஸ்பைடர் சென்ஸ் அவன்கிட்ட வேலையே செய்யாது, பின்னாடி வந்து நின்னாலும் தெரியாது. பீட்டர வளத்த மே அத்தை வீடு வரைக்கும் தேடிப் போறான். பயம்னா நிஜமாவே பயம்தான். ஆனா 1993லயே ரெண்டு பேரும் நீ என் வழிக்கு வராத நான் உன் வழிக்கு வரலன்னு ஒரு ஒப்பந்தம் போட்டுக்கிறாங்க, வெனம் சான் பிரான்சிஸ்கோ போயி தனி சீரிஸ்ல அப்பாவிங்கள காப்பாத்த ஆரம்பிச்சிடறான். சமாதானம் பேசி முடிச்சுக்கிற பகைய பெரிய பகைன்னு என்னால ஒத்துக்க முடியல.

வேட்டைக்கார வில்லன் கிரேவன் பத்தி ஒரு வரி சொல்லணும், 1987ல வந்த அந்தக் கதைல ஸ்பைடர்மேன சுட்டு உயிரோட மண்ணுக்குள்ள புதைச்சுட்டு அவனோட காஸ்ட்யூம மாட்டிட்டு ஊர் சுத்துறானே, அத விட நல்ல ஸ்பைடர்மேன் கதை ரொம்ப கம்மி. ஆனா அது ஒரே ஒரு கதைதான். பத்திரிகை முதலாளி ஜேமிசன்தான் உண்மையான எதிரின்னு சொல்றவங்களும் உண்டு, ஸ்கார்பியன்ங்கிற வில்லன உருவாக்க காசு குடுத்தது அந்த மனுஷன்தான், இருந்தாலும் அவர் வெறுத்தது முகமூடிய, பீட்டருக்கு மாசாமாசம் போட்டோவுக்கு காசு குடுத்து சோறு போட்டதும் அவர்தான்.

டாக்டர் ஆக்டோபஸ் விஷயம் அப்படி இல்ல, அங்கதான் எனக்கே ரொம்ப நாளு குழப்பம். என் கூட ரூம்ல இருந்த ஃப்ரெண்ட் ஒருத்தன் பக்கா ஆக்டோபஸ் ஆளு, அவன் சொன்னதுல பாதி இன்னும் சரின்னுதான் தோணுது. 1963ல 3வது இஷ்யூலயே ஆக்டோபஸ், நிஜப் பேரு ஆட்டோ ஆக்டேவியஸ், வந்துட்டாரு, வந்த உடனே ஸ்பைடர்மேன அடிச்சு ஜன்னல் வழியா தூக்கி வெளிய போட்டாரு. பீட்டருக்கு அதான் முதல் பெரிய தோல்வி, இந்த வேலையே வேணாம்னு விட்டுடலாமான்னு யோசிக்கிற அளவுக்கு நொந்து போறான். அடுத்த வருஷமே வல்ச்சர், எலக்ட்ரோ, மிஸ்டீரியோ, சாண்ட்மேன், கிரேவன்னு அஞ்சு வில்லன்கள சேத்துக்கிட்டு சினிஸ்டர் சிக்ஸ்ங்கிற கூட்டத்த ஆரம்பிச்சது இவருதான். 1966ல 33வது இஷ்யூல மே அத்தைக்கு மருந்து கொண்டு போகணும், அவ்ளோ பெரிய மெஷினுக்கு அடியில மாட்டிக்கிட்டு பீட்டர் பக்கம் பக்கமா மூச்சுப் பிடிச்சு தூக்குறானே, அந்த மருந்த திருட வெச்சது இவருதான். 1970ல பீட்டரோட காதலி க்வென் ஸ்டேசியோட அப்பா கேப்டன் ஸ்டேசி ஒரு குழந்தைய காப்பாத்தப் போயி இடிபாட்டுல செத்தது இவரோட சண்டைலதான். இதெல்லாம் பத்தாதுன்னு 1974ல மே அத்தைய கல்யாணம் பண்ணிக்கவே வந்துட்டாரு.

அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு. ரெண்டு பேருமே சயின்ஸ் பைத்தியம், ரெண்டு பேருக்கும் ரேடியேஷன் விபத்துலதான் சக்தி வந்துச்சு, பென் மாமாவும் மே அத்தையும் மட்டும் வளக்காம இருந்திருந்தா பீட்டர் ஆக்டோபஸ் மாதிரிதான் ஆகியிருப்பான். என் ஃப்ரெண்டு எப்பவும் இதத்தான் சொல்லுவான், நானும் ஆமாம்னுதான் தலையாட்டிட்டு இருந்தேன்.

2012 கடைசில 700வது இஷ்யூ வந்தப்போ அவன் ஜெயிச்சுட்டான்னே நெனச்சேன். ஆக்டோபஸ் சாகுற நெலமைல இருந்த தன்னோட உடம்புக்குள்ள பீட்டரத் தள்ளிட்டு பீட்டரோட உடம்ப எடுத்துக்கிறாரு, பீட்டர் அந்த உடம்புலயே செத்துப்போறான். இதுக்கு மேல ஒரு வில்லன் என்ன பண்ண முடியும் சொல்லுங்க? அப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல அவரேதான் ஸ்பைடர்மேன், நான் அவன விட உசத்தியா இருந்து காட்டுறேன்னு ஊர் முழுக்க ஸ்பைடர் ரோபோ விட்டு கண்காணிச்சாரு. அந்த ரோபோ கண்ணுக்கு கோப்ளின் ஆளுங்க மட்டும் தெரியாத மாதிரி பண்ணி, அடியில பெரிய படையே கட்டிட்டு இருந்தது யாரு, கிரீன் கோப்ளின். கடைசில ஆக்டோபஸ் உயிரா நேசிச்ச அன்னா மரியாங்கிற பொண்ண அவன் தூக்கிட்டுப் போனதும், என்னால முடியாது, பீட்டராலதான் முடியும்னு அவரே ஒத்துக்கிட்டு, மண்டைக்குள்ள மிச்சமிருந்த பீட்டரோட மனசுக்கே உடம்ப திருப்பிக் குடுத்துட்டு மறைஞ்சு போறாரு. பீட்டர் திரும்பி வந்து ஒரே ஒரு ஜோக் அடிக்கிறான், கோப்ளினுக்கு அந்த செகண்டே தெரிஞ்சுடுது, வந்திருக்கிறது அவன்தான்னு. ஒரு வருஷமா கூட இருந்த ஃப்ரெண்ட்ஸ் நிறைய பேருக்குத் தெரியல, இவனுக்கு ஒரு ஜோக்குல தெரியுது. அந்தப் பக்கத்த படிச்ச அன்னிக்கு நான் கட்சி மாறிட்டேன்.

ஆனா அது மட்டும் காரணம் இல்ல, உண்மையான காரணம் 1966ல இருக்கு. கோப்ளின் 1964லயே வந்துட்டான், முகமூடிக்குள்ள யாருன்னு ரெண்டு வருஷம் சொல்லவே இல்ல, டிட்கோ போனதுக்கு அப்புறம் ஜான் ரோமிட்டா வரைஞ்ச முதல் இஷ்யூ, 39, அதுல தெரியுது அவன் நார்மன் ஆஸ்போர்ன், பீட்டர் கூட காலேஜ்ல படிக்கிற ஹாரியோட அப்பா. அதே இஷ்யூல அவனுக்கும் பீட்டர் யாருன்னு தெரிஞ்சுடுது. 40வது இஷ்யூ முடிவுலதான் பாக்கணும். சண்டைல ஷாக் அடிச்சு நார்மனுக்கு கோப்ளினா இருந்ததே மறந்துபோகுது. பீட்டர் என்ன பண்றான், ஹாரிக்கு இது தெரிஞ்சா தாங்கமாட்டான்னு கோப்ளின் காஸ்ட்யூம நெருப்புல போட்டு எரிச்சுட்டு, ஃபயர் சர்வீஸ் ஆளுங்ககிட்ட இவருதான் கோப்ளினோட சண்டை போட்டாருன்னு சொல்றான். போலீஸ்ல புடிச்சுக் குடுக்கல, ஊருக்கு நல்லவனாவே ஆக்கிட்டு வந்துடறான்.

1971ல மறுபடியும் நார்மனுக்கு ஞாபகம் வருது. அப்போ ஹாரி போதை மாத்திரை சாப்பிட்டு ஆஸ்பத்திரில கெடக்கிறான் (காமிக்ஸ் கோட்னு சொல்ற அமெரிக்க காமிக்ஸ் தணிக்கை முத்திரை இல்லாமலே மார்வெல் தைரியமா வெளியிட்ட இஷ்யூங்க அதெல்லாம்). பீட்டர் கோப்ளின அந்த ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு கூட்டிட்டுப் போயி உன் பையன பாருன்னு காட்டுறான், நார்மன் அதப் பாத்து மயங்கி விழறான், திரும்ப எல்லாம் மறந்துபோகுது. மறுபடியும் பீட்டர் விட்டுடறான், வீட்டுக்கு அனுப்பி வெக்கிறான்.

1973 ஜூன், 121வது இஷ்யூ. திரும்பவும் ஞாபகம் வந்தவன் நேரா க்வென தூக்கிட்டுப் போறான். பாலத்து மேல இருந்து தள்ளிவிடறான், பீட்டர் வலை வீசி கால புடிச்சுடறான், காப்பாத்திட்டேன்னு சந்தோஷமா மேல இழுக்கிறான், அவ செத்துப்போயிருக்கா. கழுத்துக்கிட்ட சின்னதா "ஸ்நாப்"னு ஒரு எழுத்து. சடார்னு நிறுத்துனதுலதான் கழுத்து போச்சுன்னு பின்னாடி ஒரு இஷ்யூல லெட்டர் பக்கத்துலயே சொன்னாங்க, அப்போ அவளோட உயிர் போனது பீட்டர் வீசுன வலையிலதான். நான் அத மொத தடவ படிச்சப்ப முன்னாடி பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நாலஞ்சு தடவ போயிட்டு வந்தேன், எங்கயாவது அவ உயிரோட இருக்கிறதா காட்டிருப்பாங்களான்னு.

நான் சொல்ல வர்றது இதான். பென் மாமா செத்தது பீட்டர் சுயநலமா ஒரு திருடன விட்டதால, அந்தப் பாடத்த அவன் ஒழுங்கா கத்துக்கிட்டான், அதுக்கப்புறம் வாழ்க்கையே அதுக்குத்தான் குடுத்தான். க்வென் செத்தது அவன் நல்ல மனசோட, ஃப்ரெண்டுக்காக, ஒருத்தன திரும்பத் திரும்ப விட்டதால. இதுக்கு என்ன பாடம் கத்துக்கிறது? இரக்கப்படாதன்னா? அவன் அப்படி ஆகவும் இல்ல, 122வது இஷ்யூல நார்மன அடிச்சுக் கொல்லப் போயி கடைசி நொடில கைய நிறுத்திடறான், நார்மன் ஏறிப் பறக்கிற கிளைடரே அவன குத்துது. மத்த வில்லன் எல்லாம் பீட்டரோட உடம்ப அடிச்சாங்க, இவன் ஒருத்தன்தான் பீட்டரோட நல்ல குணத்தையே எடுத்து பீட்டர அடிச்சவன்.

சாவோட முடிஞ்சிருந்தா கூட பரவால்ல. ஹாரி அப்பாவோட காஸ்ட்யூம மாட்டிட்டு வந்தான், 1993ல பீட்டர காப்பாத்திட்டு செத்தான். 1996ல பாத்தா நார்மன் சாகவே இல்ல, பீட்டர மாதிரியே நகல் (குளோன்) வந்து நடந்த குழப்பத்துக்கெல்லாம் பின்னாடி இருந்ததே நான்தான்னு வந்து நிக்கிறான், பீட்டருக்கு கூடப்பொறந்தவன் மாதிரி ஆகியிருந்த குளோன் பென் ரைலி அதே மாதிரி ஒரு கிளைடர் குத்தி செத்துப்போறான், பீட்டர் மேல பட வேண்டியத முதுகுல வாங்கிக்கிட்டு.

அக்கா பையன் இதெல்லாம் கேட்டுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "அப்போ பீட்டர் மொத தடவையே போலீஸ்ல சொல்லிருக்கணும்ல மாமா"ன்னான். ஹாரி உன் ஃப்ரெண்டா இருந்தா நீ சொல்லிருப்பியாடான்னு கேட்டேன். அதுக்கு இன்னும் பதில் வரல. 39, 40 ரெண்டு இஷ்யூவும் இருக்கிற புக்க குடுத்துட்டு வந்திருக்கேன், 121 இன்னும் என்கிட்டதான் இருக்கு.