ராத்திரி ஹீட்டர் பஞ்சாயத்து

குளிர்காலம் வந்தாலே வீட்டில் இந்த வாக்குவாதம்தான். "ராத்திரி ஹீட்டரைக் குறைத்தால் காலையில் வீட்டைத் திரும்பச் சூடாக்க இரண்டு மடங்கு செலவாகும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை இல்லை. உள்ளேயும் வெளியேயும் வெப்ப வித்தியாசம் எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவு வேகமாகச் சூடு சுவர், ஜன்னல் வழியே வெளியேறும். வீடு ஆறிக் கிடக்கும் நேரமெல்லாம் இழப்பும் குறைவுதான். வெளியிலிருந்து சூட்டை இழுத்து வீட்டுக்குள் விடும் ஹீட் பம்ப்பின் கதை வேறு: ரொம்பக் குறைத்தால் காலையில் துணை ஹீட்டர் ஓட ஆரம்பித்து மின்சாரத்தைக் குடிக்கலாம். அதில் ஓரிரண்டு டிகிரி குறைத்தால் போதும்.

அதற்காக அடியோடு அணைத்துவிடவும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் குளிர் நாடுகளுக்குச் சொல்வது வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி செல்சியஸ். கைக்குழந்தையோ வயதானவர்களோ இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டி வைக்கலாம்.

இன்னொன்று, திரைச்சீலை. பல வீடுகளில் அது ஜன்னலடியில் சூடு தரும் ரேடியேட்டர் பலகையின் மேலேயே தொங்கும். சூடு துணிக்குப் பின்னால் ஏறி நேரே கண்ணாடிக்குப் போகும், அறை அப்படியே சில்லென்று இருக்கும். துணியின் ஓரத்தை ஜன்னல் திட்டின் மேல் எடுத்துப் போடுங்கள்.

அப்புறம், சின்ன ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் வயரில் செருகிவிட்டுத் தூங்குகிறவர்களே, தயவுசெய்து வேண்டாம். போர்வைக்குள் ஒரு வெந்நீர்ப் பை வைத்துக்கொள்ளுங்கள்.