பாட்டாவின் வாழ்க்கையை எழுத நாற்பத்தொரு நாள்

குமரி மாவட்டத்துக் கத்தோலிக்க ஊர்களில் தொண்ணூறு தாண்டிய ஒரு பாட்டா, அதாவது தாத்தா, இறந்தால், அன்று மாலையே தெருமுக்கில் ஃப்ளெக்ஸ் ஏறிவிடும். "இறைபக்தியும் பிறர் சேவையும் நிறைந்த வாழ்வு" என்று அதில் இருக்கும். நாற்பத்தொன்றாம் நாள் பூசைக்கு அடிக்கிற நினைவு மலரிலும் அதே வரிதான். கோவிலில் ஞானோபதேசம் சொல்லித்தரும் உபதேசியாருக்குக் கைத்துணையாக வாழ்நாள் முழுக்க நின்றவருக்கும், ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையில் கணக்கெழுதியவருக்கும், சிலுவை நிற்கும் சிறு கோவிலான குருசடியின் விளக்குக்கு எண்ணெய் ஊற்றியவருக்கும் அந்த ஒரே வரி. இது பெரிய அநியாயம். அவர் என்ன வேலை செய்தார், எதை எந்தக் கையால் எடுத்து எங்கே வைத்தார் என்பதை எழுதிவைக்க வேண்டும். நாற்பத்தொரு நாள் அதற்குப் போதும். ஆனால் முதல் வாரத்திலேயே தொடங்கிவிட வேண்டும். ஏழாம் நாள் முடிந்ததும் வெளியூர் அத்தைமார் வண்டி ஏறிவிடுவார்கள். பாட்டாவின் டிரங்குப் பெட்டியை யாராவது நல்ல மனதோடு ஒதுக்கிச் சுத்தம் செய்துவிடுவார்கள்.

முதலில் அவருடைய ஜெபப்புத்தகத்தைக் கையில் எடுங்கள். உதறாமல் எடுங்கள். அந்தத் தலைமுறை ஆட்களின் ஜெபப்புத்தகம் அரை அங்குலப் புத்தகம், ஆனால் ஒன்றரை அங்குலம் பருத்திருக்கும். உள்ளே செத்தவர்களின் நினைவு அட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு படம், பெயர், இறந்த தேதி. அவர் யாருக்காகவெல்லாம் வேண்டிக்கொண்டார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. எந்த அட்டை எந்தப் பக்கத்தில் இருந்தது என்று குறித்துவிட்டு, இரண்டையும் சேர்த்துப் படம் எடுத்த பிறகே வெளியே எடுங்கள். மாதா பிரார்த்தனைப் பக்கத்தில் ஓரம் கறுத்து எண்ணெய் ஏறியிருக்கும். விரல் தினமும் பட்ட இடம் அது. தாளே திருப்பாததுபோல் வெள்ளையாக இருக்கும் பக்கங்களும் உண்டு. மெழுகு சொட்டிய பக்கம், ஜெபமாலையில் மணி உதிர்ந்த இடத்தில் நூல் முடிச்சு, பின்னட்டையில் பென்சிலால் எழுதிய பூசைக் காணிக்கைக் கணக்கு: எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பென்சில் எழுத்து சீக்கிரம் அழியும். பக்கத்திலிருந்து சாய்வாக வெளிச்சம் விழும்படி வைத்துப் படம் எடுத்தால் அழுத்திய தடம் தெரியும்.

அடுத்தது தேதிகள். இங்கேதான் பாதி மலர்கள் தப்பாகின்றன.

பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதியை அப்படியே நம்பாதீர்கள். பள்ளிக்கூடம் திறக்கும் காலத்துக்கு வயது சரியாக வரும்படி வாத்தியார் போட்ட தேதியாக அது இருக்கலாம். ஞானஸ்நானப் பதிவேடுதான் உறுதியானது. அந்தக் காலத்தில் பிள்ளை பிறந்து சில நாட்களுக்குள் ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். அதனால் பிறந்த தேதி விடுபட்டிருந்தாலும் ஒரு வாரம், பத்து நாளுக்குள் கணித்துவிடலாம்.

வீட்டுக் குறிப்புகளும் பழைய பத்திரங்களும் ஆவணியில் தொடங்கும் கொல்லம் ஆண்டில் (மலையாள ஆண்டில்) இருக்கும். 1956 நவம்பர் 1-இல் நம் மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேரும் வரை நாம் திருவிதாங்கூரின் கணக்கில்தான் வாழ்ந்தோம். அதை ஆங்கில ஆண்டாக்க, ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதி வரை 824 கூட்டுங்கள். அதன்பின் ஆடி முடிய 825. 1107 ஐப்பசி என்றால் 1931, 1107 தை என்றால் 1932. எல்லா மாதத்துக்கும் 825 கூட்டினால் ஒரு வயது குறைந்துவிடும். பெரியவர்கள் பேச்சில் ஆயிரத்தையும் நூறையும் விட்டுவிடுவதும் உண்டு. 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்பது 1099-ஆம் ஆண்டு, அதாவது 1924 ஜூலை.

பதிவேடு எந்தக் கோவிலில் இருக்கிறது என்பது அடுத்த சிக்கல். கோட்டாறு மறைமாவட்டம் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதி) 1930-இல் கொல்லத்திலிருந்து பிரிந்தது. குழித்துறை 2014 டிசம்பரில் கோட்டாற்றிலிருந்து பிரிந்தது. தூத்தூர், வள்ளவிளை, நீரோடி பக்கத்துக் கடற்கரைப் பங்குகள் (ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள ஊர்கள்) நம் மாவட்டத்தில் இருந்தாலும் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. வேறு வழிபாட்டு முறைகளைச் சேர்ந்த மார்த்தாண்டம் மலங்கரை மறைமாவட்டமும் தக்கலை சீரோ மலபார் மறைமாவட்டமும் 1996-இல்தான் வந்தன. ஆனால் ஆயர் இல்லத்தைவிட முக்கியம் தாய்ப்பங்கு. இன்று தனிப் பங்காக இருக்கும் ஊர் அன்று கிளைப்பங்காக இருந்திருந்தால், பழைய ஏடு தாய்ப்பங்கில்தான் இருக்கும். "எங்க கோவில்ல தேடியாச்சு, இல்ல" என்று பலர் நிறுத்திவிடுவது இந்த இடத்தில்தான்.

பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொல்லி, உத்தேச ஆண்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு வருடம் பார்க்க அனுமதி கேளுங்கள். பழைய பதிவுகள் லத்தீனில் இருக்கலாம். 'நாத்துஸ்' என்றால் பிறந்தவன், 'பத்ரினுஸ்' ஞானத்தகப்பன், 'மத்ரினா' ஞானத்தாய். பெயரும் மாறியிருக்கும். வீட்டில் இராயப்பன் என்றவர் ஏட்டில் பெத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், சூசை யோசேபுஸ், அருளப்பன் யோவான்னெஸ், தேவசகாயம் லாசருஸ். பேரனுக்குப் பாட்டா பெயரை இடும் வழக்கத்தால் ஒரே குடும்பத்தில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். அப்பா பெயரும் ஒத்துப்போனால் தாயின் பெயரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பதிவின் ஓரத்தையும் படியுங்கள். உறுதிபூசுதலும் திருமணமும் ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்கப்பட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். எந்தப் பங்கில் கல்யாணம் நடந்தது என்பதற்கு வழி அங்கே கிடைக்கும். தாள் நொறுங்கும் நிலையில் இருந்தால் எச்சில் தொட்டுப் புரட்டாதீர்கள், அடியில் உள்ளங்கையை விரித்துத் தாங்கித் திருப்புங்கள்.

இனி ஆட்கள். பாட்டியிடம் போய் "பாட்டா எப்படிப்பட்டவரு?" என்று கேட்டால், "நல்ல மனுசன், கோயிலே கதின்னு கெடந்தாரு" என்ற பதிலோடு முடிந்துவிடும். "மொத மணி அடிச்சா முதல்ல என்ன செய்வாரு? கோவில்ல எந்தத் தூண் பக்கத்துல முட்டுப்போடுவாரு? பூசை முடிஞ்சு நேரே வீட்டுக்கு வருவாரா?" என்று கேளுங்கள். பேச்சு தானாக வரும். வருடம் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. கொக்கி மாட்டிக் கேட்க வேண்டும். தமிழகத்தோடு சேரக் கேட்ட போராட்டத்தில் நடந்த புதுக்கடை, மார்த்தாண்டம் துப்பாக்கிச் சூட்டுக்கு (1954 ஆகஸ்ட்) முன்னா பின்னா? நாகர்கோவிலுக்கு ரயில் வந்தபோது (1979)? திருவனந்தபுரத்துக்குப் போப்பாண்டவர் வந்தபோது (1986 பிப்ரவரி)? சுனாமிக்கு முந்தியா?

அவர் பீடச் சிறுவனாக இருந்த காலத்தைப் பற்றிக் கேட்கும்போது ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அன்று பூசையில் நன்மை (நற்கருணை) வாங்குபவர் நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. 1953-இல் தண்ணீர் அனுமதிக்கப்பட்டது, 1957-இல் உபவாசம் மூன்று மணி நேரமானது, 1964-இல் ஒரு மணி நேரம். வெறும் வயிற்றோடு இருட்டில் நடந்துபோய், அர்த்தம் தெரியாத லத்தீன் பதில்களை மனப்பாடமாகச் சொன்ன பையன் அவர். சாகும்வரை பூசைக்கு முன் காப்பி தொடாதவர்களின் பிடிவாதம் அங்கிருந்து வந்தது.

சேவையை எழுதும்போது ஒரே ஒரு வேலையையாவது முழுசாக எழுதுங்கள். தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் பூசச் சாம்பல் தயாரித்தவர் என்று வைத்துக்கொள்வோம். முந்தின வருடம் குருத்தோலை ஞாயிறன்று வாங்கிய ஓலையை வீடு வீடாக, மாதா படத்துக்குப் பின்னால் செருகியதை எடுத்துச் சேகரிப்பார். ரிப்பன், பிளாஸ்டிக் பூ, நூல் எல்லாவற்றையும் கழற்றுவார். அதில் ஒன்று எரிந்தாலும் சாம்பல் பிசுபிசுக்கும். இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, இரும்புச் சட்டியில், காற்றில்லாத நேரத்தில் எரிப்பார். ஆறியதும் கையால் நொறுக்கி, பழைய மல் துணியில் இரண்டு முறை சலிப்பார். ஒரு கட்டு ஓலைக்குக் கிடைப்பது ஒரு பிடிதான். அதனால்தான் வீடு வீடாகப் போவது. நன்றாக ஒட்டட்டும் என்று தண்ணீர் விட்டுக் குழைத்து வைத்தால் சாம்பல் காரமாகி நெற்றித் தோலைப் புண்ணாக்கும். அதைத் தெரிந்தவர் உலர்வாகவே மூடிபோட்டு வைப்பார். இந்த ஒரு பத்தியில் அந்த மனிதர் முழுதாக வந்துவிடுவார். கொடிக்கயிறு, தேர் வடம், சப்பரத் தண்டு, குழி வெட்டும் அளவு என்று உங்கள் பாட்டாவின் வேலை எதுவோ, அதை இதே அளவு கிட்டப்போய் எழுதுங்கள்.

எழுதக் கூடாததும் உண்டு. வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் இரண்டிரண்டு பேராக வீடு சந்திப்பார்கள். யாருக்குக் கொடுத்தோம் என்பதை வெளியே சொல்வதில்லை. பாட்டாவின் நோட்டில் பெயர்கள் இருந்தால் அவற்றை அச்சிடாதீர்கள். அரிசி வாங்கியவரின் பேத்தி இன்று அதே கோவிலில் வாசகம் வாசித்துக்கொண்டிருப்பாள். மரியாயின் சேனையில் இருந்தவர் என்றால் "ஏழைகளுக்குப் பண உதவி செய்தார்" என்று அந்தக் கணக்கில் எழுதாதீர்கள். சேனையின் விதி பொருளுதவியை அனுமதிப்பதில்லை, நோயாளி சந்திப்பு, ஜெபம் போன்றவைதான் அவர்கள் வேலை. அன்பு மிகுதியில் "இறை ஊழியர்" என்று பட்டம் போடுவதும் வேண்டாம். புனிதர் நிலைக்கான விசாரணை தொடங்கியவர்களுக்கு உரிய சொல் அது. 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயத்துக்கு 2012-இல் அருளாளர் பட்டமும் 2022-இல் புனிதர் பட்டமும் கிடைக்க எத்தனை தலைமுறை காத்திருந்தது என்பது நம் ஊருக்குத் தெரியாததா? "விண்ணகம் அடைந்தார்" என்று முடிவுகட்டுவதைவிட, "ஆன்ம இளைப்பாற்றிக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்ற பழைய வரியே மேல். அவர் ஜெபப்புத்தகத்தில் இருந்த அட்டைகளெல்லாம் அதைத்தான் கேட்டன.

அடக்கப் பூசையில் புகழுரையாக மறையுரை இருக்கக் கூடாது என்பது வழிபாட்டு ஒழுங்கு. குடும்பத்தின் பேச்சை நன்மைக்குப் பிந்தைய மன்றாட்டுக்குப் பிறகு, ஒருவர் மட்டும், நாலு நிமிடத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சாம்பல் பத்தி மாதிரி ஒன்றைப் படித்தாலே போதும்.

அச்சுக்குப் போகும்போது பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். பதினாறு பக்கம் தாராளம். படங்களை வாட்ஸப்பில் சும்மா அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். அச்சகத்தில் எழுத்துரு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும். மெய்ப்பை இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவர் வாய்விட்டு வாசிக்க மற்றவர் பார்க்க, பெயர்களை மட்டும் தனியாக ஒருமுறை சரிபாருங்கள்.

இதற்கெல்லாம் நடுவில் மறந்துபோகிற காரியம் ஒன்று. இறப்பை 21 நாளுக்குள் அரசிடம் பதிவு செய்வார்கள், அது யாருக்கும் தவறாது. பங்கின் இறந்தோர் பதிவேட்டில் எழுதியாயிற்றா என்று பார்ப்பவர் குறைவு. பங்கு அலுவலகத்துக்குப் போய், ஞானஸ்நானப் பெயரும் ஊரில் அழைத்த பெயரும் இரண்டும் அதில் ஏறியிருக்கிறதா, தகப்பன் பெயரும் மனைவி பெயரும் சரியா, கல்லறை இருக்கும் இடம் குறித்திருக்கிறதா என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். மலரில் ஒரு பிரதியையும் அங்கேயே கொடுத்துவிடலாம்.