இலைக்காகவும் ஒரு காகிதப்பூ

மதுரை வெயிலைத் தாங்கும் அழகுச் செடி எது என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் காகிதப்பூவைத்தான் சொல்வேன். அதிலும் பச்சை விளிம்புக்குள் வெளிர்மஞ்சள் படர்ந்த இலையைக் கொண்ட 'திம்மா' வகையைச் சொல்வேன். 'மேரி பால்மர்' என்ற வகையில் தானாகத் தோன்றிய மாற்றத்திலிருந்து வந்தது இது. தாய்ச்செடியைப் போலவே இதிலும் வெண்மையும் அடர் இளஞ்சிவப்பும் ஒரே செடியில், சில வேளைகளில் ஒரே கொத்தில், சேர்ந்து மலர்கின்றன. வண்ணமாகத் தெரிபவை பூவடிச் செதில்கள். உண்மையான பூக்கள் அவற்றின் நடுவே சிறு வெண்குழல்களாக இருக்கின்றன. செதில்கள் உதிர்ந்த பிறகும் இலையின் அழகு குறையாமல் நிற்பதால், சாதாரணக் காகிதப்பூவை விட இதையே நான் உயர்வாக மதிக்கிறேன்.

அந்த இலையழகு தானாக நிலைப்பதில்லை. வளர்நுனியில் பச்சையம் உள்ள திசு அடுக்கும் இல்லாத அடுக்கும் சேர்ந்திருப்பதால்தான் இலை இருநிறமாகிறது. அந்தச் சேர்க்கை குலையும் இடத்தில் முழுப் பச்சைக் கிளை எழுகிறது. பச்சையம் மிகுந்த அக்கிளை அதிக உணவைத் தயாரித்து, மற்ற கிளைகளை விட விரைவாக நீண்டு, விட்டுவைத்தால் செடி முழுவதையும் ஆக்கிரமித்துவிடும். ஆகவே அதைக் கண்டவுடன் நுனியைக் கிள்ளுவதோடு நிறுத்தாமல், அது கிளைத்த இடத்திலேயே வெட்டிவிட வேண்டும். தழைச்சத்து மிகுந்த உரத்தையும் குறைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் அது பூவை விட்டுத் தழையையே பெருக்கும்.

எங்கள் பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்புத்தன்மை தனிக்கவலை. சுண்ணாம்பு மிகுந்த நீரால் மண் காரத்தன்மை அடையும்போது செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் இளந்தளிர்கள் வெளுக்கின்றன. இருநிற இலையில் இந்த வெளுப்பு எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். புதிய இலைகளின் பச்சை விளிம்பில் நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பகுதி மஞ்சளாக மாறினால் அது பற்றாக்குறைதான். இரும்புச்சத்துள்ள நுண்ணூட்டக் கரைசலை மாலையில் இலைகளின் மேல் தெளிப்பதும், மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுவதும் பயன் தரும்.

தொட்டிக்குச் செம்மண், ஆற்று மணல், மட்கிய தொழு உரம் ஆகியவற்றின் கலவை போதும். நீரைத் தேக்கி வைக்கும் கரிசலை மட்டும் நிரப்பினால் வேர் அழுகும். நாளெல்லாம் வெயில் விழும் மாடியே இதற்கு உரிய இடம், முள் இருப்பதால் குழந்தைகள் ஓடும் வழியிலிருந்து விலக்கி வைப்பது நலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து பகல் குறுகியிருக்கும் மார்கழியில் நீரைக் குறைத்து, இலை சற்றுத் துவளும்வரை பொறுத்து ஊற்றினால் தை தொடங்கிக் கொத்துக் கொத்தாக மலரும். அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரை வெயிலிலும் அந்த வண்ணத்தைக் காணலாம். பூ ஓய்ந்ததும் கிளைகளைக் கவாத்து செய்ய வேண்டும், ஏனெனில் அடுத்த பூக்கள் புதுத்துளிரில்தான் வருகின்றன.

பதியன் கேட்டு வருபவர்களுக்கு மழைக்காலத்தில் பென்சில் பருமனுள்ள முற்றிய குச்சிகளை வெட்டிக் கொடுக்கிறேன். பச்சையும் மஞ்சளும் தெளிவாகப் பிரிந்த இலைகளுள்ள கிளைகளிலிருந்தே அவற்றை எடுக்கிறேன். முழுதும் வெளுத்த கிளையின் குச்சி அழகாகத் தெரிந்தாலும், பச்சையமின்றி உணவு தயாரிக்க இயலாமல் பட்டுப்போகும்.